இருநூறு அடி

திருத்துறைப்பூண்டியில்
தாலுகா ஆபீசுக்கும் வங்கிக்கும் நடுவே
இருநூறு அடி இருக்கும்.
கம்பத்துக்குக் கம்பம் விடுகிற தூரத்தைவிடக்
கொஞ்சம் கூடுதல்.
மின்வாரியத்தில் பத்தொன்பது வருடம்,
அளக்க நாடா வேண்டாம் எனக்கு.

கஜா சாய்த்த கம்பங்களை நிமிர்த்த வந்தவன்.
ஏழு வருடம் கழித்து, போன ஆவணியில்
பதிவுத் திருமணம்.
புரட்டாசியில் ரேஷன் கார்டில் பெயர் ஏறியது.
அதுவரை அம்சவல்லியின் நடவுக் கூலி,
நூறு நாள் வேலை எல்லாம் சேர்த்து
வருடத்துக்கு எழுபத்திரண்டாயிரம்
அந்த வீட்டுக்கு.

இப்போது கணினிப் பையன்
திரையைத் திருப்பிக் காட்டுகிறான்.
குடும்பத் தலைவர்: உலகநாதன்.
ஐந்து லட்சத்துப் பதினெட்டாயிரம்.
உதவித்தொகைக்கு வரம்பு இரண்டரை.

"கைக்கு அவ்வளவு வராது சார்.
சொசைட்டிக் கடன் போகும்.
பண்ருட்டியில் எனக்கொரு பையன்,
கோர்ட் சொன்ன தொகை
ஒண்ணாந்தேதியே அவனுக்குப் போயிடும்."

பிடித்தமெல்லாம் கணக்கில் வராதாம்.
துணை வட்டாட்சியர் கெட்டவரில்லை,
கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சொன்னார்:
"அப்பா சம்பளம் அப்பா சம்பளம்தாங்க."

பக்கத்தில் நின்றாள் வெண்மணி.
கோ. வெண்மணி.
பெயர் வைத்த கோவிந்தராசு
கொடி கட்டிய சைக்கிளோடு
முள்ளியாற்றுப் பாலத்தில் போய்விட்டார்,
இவள் நாலாவது படிக்கையில்.
அந்தக் 'கோ'வுக்குப் பக்கத்தில் நான் கை வைத்ததில்லை.
சாப்பாடு ஆறுது என்பாள் அம்மாவிடம்,
எனக்குக் கேட்கிற மாதிரி.
என்னைக் கூப்பிட அவளிடம் சொல் கிடையாது.
நானும் கேட்டதில்லை.

சொல்லவே வெட்கம்.
அவள் படிப்புப் பணம் கையைவிட்டுப் போன அந்த நேரம்
எனக்குள் எங்கோ ஒரு பல்பு எரிந்தது.
அரசாங்கமே சொல்லிவிட்டதே.

வெயிலில் நடந்தோம்.
அவள் முன்னே, ஃபைலைத் தலைக்குப் பிடித்தபடி.

வங்கியில் கல்விக் கடன் மேசை.
தஞ்சாவூர், நர்சிங், நாலு வருடம்.
என் சம்பளச் சீட்டைப் பார்த்ததும்
அந்த அம்மாள் முகம் மலர்ந்தது.
"நீங்க?"
"அப்பா" என்றேன்.
அரைமணி நேரத் துணிச்சல்.

பிறப்புச் சான்றைப் புரட்டினார்.
ஆதாரைப் புரட்டினார்.
"நீங்க அப்பா இல்லையே சார்.
பெத்தவங்க வேணும்,
இல்லேன்னா கோர்ட்டில் கார்டியன்னு ஆர்டர் வாங்கணும்.
அம்மாவுக்குச் சம்பளச் சீட்டு இருக்கா?"

இடுப்பளவு சேற்றுக்கு
எந்த முதலாளி சீட்டுக் கொடுப்பான்.

வெளியே வந்து
வாசல் படியிலேயே நின்றுவிட்டேன்.
கையில் அதே ஒரு தாள்.
அங்கே அவள் வாங்க வேண்டியதைத் தடுத்தது,
இங்கே நான் கொடுக்க நினைப்பதை
வாங்க மாட்டேன் என்கிறது.
மின்சாரத்துக்கு இப்படி இரண்டு மனசு இருந்தால்
எங்கள் ஆட்கள் ஒருத்தரும் வீடு திரும்ப மாட்டோம்.

டீக்கடையில் அவள் வடையைப் பிட்டாள்.
தின்னவில்லை.
ரொம்ப நேரம் சாலையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"முதல்ல பேங்குக்குப் போயிருக்கணும்.
நீங்க எனக்கு ஒண்ணுமில்லேன்னு
அந்த மேடம்கிட்டயே எழுதி வாங்கிக்கிட்டு
அப்புறம் தாலுகா ஆபீஸ் வந்திருக்கணும்."

டீ புரையேறிவிட்டது எனக்கு.
அவளும் சிரித்தாள்,
சிரித்ததை மறைக்கத்
தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் தள்ளினாள்.

சிரித்து முடித்தும்
கல்லூரிக் கட்டணம் அப்படியே இருந்தது.
ஐம்பத்தெட்டாயிரம், திங்கட்கிழமைக்குள்.
சொசைட்டியில் இன்னொரு கடன் கிடைக்குமா என்று
மனசு கணக்குப் போடுகையில்
போன் அடித்தது.
ஆதிரெங்கம் பக்கம் லைன் போயிருக்கிறது,
பம்புசெட்டெல்லாம் நின்று கிடக்கிறதாம்.

பைக்கை எடுத்தேன்.
வழக்கமாக ஃபைலைச் சீட்டில் நடுவே வைத்துத்
தள்ளி உட்காருவாள்.
இன்றைக்கும் அப்படித்தான் வைத்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து ஒரு குரல்,
யாரையும் கூப்பிடாமல்,
"கையுறை எடுத்தாச்சா?"